பழைய பூட் சிடி

எழாத லேப்டாப்பில் போட்ட பூட் சிடி மூன்றாவது முறையும் நின்றுவிட்டது. கறுப்புத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டியது. அவன் மேசையை ஓங்கிக் குத்தினான். அடுத்த அறையில் பேச்சுக் குரல்கள் அடங்கின. அங்கே அவன் மனைவி பெட்டியில் கிடந்தாள். நேற்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தாள்.

மாமனார் அறை வாசலுக்கு வந்தார். “பதினொரு மணிக்கு வண்டி வந்துடும். பொணத்த வெச்சுக்கிட்டு லேப்டாப்ப நோண்டுறீங்களே மாப்பிள்ளை, ஊரு என்ன சொல்லும்?”

“ஊரா அவளக் கட்டிக்கிச்சு?”

“அவ அம்மா பக்கத்துல குழி தோண்டியாச்சு.”

“யாரக் கேட்டுத் தோண்டினீங்க? எரிக்கணுமா புதைக்கணுமான்னு அவளே இதுல எழுதி வெச்சிருக்கா.”

“செத்தவகிட்ட என்ன கேள்வி?”

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவள் தம்பி, மச்சான், நடுவில் புகுந்து அப்பாவை இழுத்துக்கொண்டு போனான்.

மூன்று வாரத்துக்கு முன் அவள் சொன்னாள்: “எழுதியிருக்கேன். இப்பப் படிக்காத. அப்புறம் படி.” படுக்கையில் கிடந்தும் அலுவலக வேலை பார்த்தாள். போன செவ்வாய்க்கிழமை மதியம், “போதும் உன் வேலை” என்று கத்தி, அவன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தான். “அப்டேட் ஓடுது, அணைக்காத” என்றாள். அணைத்தான். அதன்பின் லேப்டாப் எழவில்லை. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மச்சான் திரும்பி வந்தான். “தெரிஞ்ச கடைக்காரர்ட்ட கேட்டேன் மாப்ள. ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்ங்கிறார்.”

“எல்லாம் அழிஞ்சுடும். தலைவலின்னு போனா தலைய வெட்டிருவாரா அவரு?”

மச்சான் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

அவன் வேலை பார்க்கும் கல்லூரிக் கணினிக்கூடத்தில் எத்தனையோ கணினிகளை எழுப்பிய சிடி அது. அதிலிருந்த பூட்லோடர், தான் முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்பும் சிறு நிரல், பழையது. இந்தப் புது லேப்டாப் அதற்குப் பிடிபடவில்லை. மச்சானின் கம்ப்யூட்டரில் சிடியின் நகலைத் திறந்தான். பழைய பூட்லோடரை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை வைத்தான். வெற்று சிடி ஒன்றில் எழுதவிட்டான். பதினெட்டு சதவீதம். முப்பது. நாற்பத்தொன்று.

வெளியே ஹாரன் அடித்தது.

“அஞ்சு நிமிஷம்!” என்று கத்தினான். “எவனாவது பெட்டியத் தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்.”

யாரும் தொடவில்லை.

புது சிடியை லேப்டாப்பில் போட்டான். கோடு கண்சிமிட்டியது. பிறகு எழுத்துகள் சரசரவென்று இறங்கின. கோப்புகள் தெரிந்தன. அவளுடையதும் இருந்தது. நான்கே வரி.

‘எரிக்கிறதுதான் எனக்குப் பிடிக்கும். அப்பா புதைக்கணும்னுதான் நிப்பார். விட்டுடு. அவர்கூடச் சண்டை போடாத.’

மாமனார் மறுபடி வாசலில் நின்றார். இந்த முறை குரல் எழும்பவில்லை. “என்ன எழுதியிருக்கா?”

அவன் பற்களைக் கடித்தான். கோப்பை மூடினான்.

“நீங்க சொன்னதத்தான் மாமா.”

“எம்பொண்ணு. எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவன் சிடியை வெளியே எடுத்தான். வேலையிடத்துப் பழக்கத்தில் மார்க்கரால் அதன்மேல் தேதி எழுதினான். மை காய்வதற்குள் கூப்பிட்டார்கள், கட்டைவிரலில் அப்பிக்கொண்டது. பெட்டியைத் தூக்கும்போது, அந்த விரலை மட்டும் மேலே விரித்த வெள்ளைத் துணியில் படாமல் விலக்கிப் பிடித்திருந்தான்.