உப்புப் போட்ட மீன்

என் புருஷன் மகாயாவுக்குக் கருமாதி எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் வீடு திரும்பினார். உச்சிவெயிலில், யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நிறம் மங்கியிருந்தது.

எங்கள் ராஜாவைப் பார்க்கத் தாங்கள் அனுப்பிய ஆட்கள் திரும்பவில்லை என்ற கோபத்தில், முகத்துவாரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆம்பிளைகளை வெள்ளைத்தோல் கப்பல்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். செத்தவர்களின் ஊர் கடலுக்கு அடியில் இருக்கிறது, அங்கே போனவர்கள் வெளுத்துப்போவார்கள் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வெளுத்த மனிதர்கள் கொண்டுபோன ஆளை உயிரோடு எதிர்பார்க்க நான் என்ன பைத்தியமா? அவர் முன்பு வெட்டிப் போட்டிருந்த நகத்தையும் முடியையும் துணியில் சுற்றிப் புதைத்தேன். மொட்டை அடித்துக்கொண்டேன். இப்போதுதான் முடி முளைக்கிறது.

"உள்ள விட்றாதடி," என்று நாத்தனார் லாண்டு என்னைப் பிடித்து இழுத்தாள். "செத்தது சும்மா வராது. பிள்ளையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கு."

"அண்ணி, அது உங்க தம்பி."

"தம்பின்னா உப்புத் திங்கட்டும். ஆக்கி வை, பாப்போம்."

செத்தவர்கள் உப்பைத் தொடமாட்டார்கள். மகன் கியாலாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பனையெண்ணெயில் மீனை வேகவைத்து, ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டேன். அவர் ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னடி இது, கடலையே கொட்டிட்டியா?"

அதே பழைய சிரிப்பு. முள்ளைக்கூட விடாமல் சப்பினார். லாண்டு ஓவென்று அழுது தம்பியைக் கட்டிக்கொண்டாள். நான் கதவைத் திறந்தேன். கியாலா ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டான்.

"அங்க சாப்பாட்டுல உப்பு போடுவாங்களா?" பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"போன உடனே நாக்குல வச்சாங்களே. தலையில தண்ணி ஊத்தி வேற பேரு குடுத்தாங்க. அந்த உப்பத் தின்னப்புறம்தான் என்னை அவங்க ஆளா சேத்துக்கிட்டாங்க."

லாண்டுவின் கைகள் அவர் தோளிலிருந்து மெல்ல விலகின. செத்தவர்களே உப்பு ஊட்டுகிறார்கள் என்றால், நான் போட்ட உப்பால் என்ன தெரிந்தது?

"கப்பல் இங்கதான் நிக்குது. பிள்ளைங்களக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அவங்க எழுத்தெல்லாம் சொல்லிக்குடுப்பாங்களாம். இவனைக் கூட்டிட்டுப் போறேன்."

"கியாலா, இங்க வாடா." கையை நீட்டினேன்.

"ஏன்டி பயப்படுற? நான் உயிரோடதானே வந்திருக்கேன்?"

தட்டில் மிஞ்சிய உப்பையும் எண்ணெயையும் விரலால் வழித்து மகன் முன்னால் நீட்டினார். கியாலா ஆவென்று வாயைத் திறந்தான்.