ஏரியில் அலசிய புல்

பூவராகவன் குதிரை லத்தியைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவதைப் பார்த்துப் பொன்னேரி ஜட்கா ஸ்டாண்டே சிரித்தது. கால்நடை டாக்டருக்குப் படித்த மனுஷன் செய்கிற வேலையா இது என்றார்கள். அவர் சட்டை செய்யவில்லை. அது அறுபத்தெட்டாம் வருஷம். பழவேற்காட்டுப் பக்கத்துக் குதிரைகள் ஏன் வயிற்று வலியில் புரண்டு புரண்டு சாகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பாட்டிலின் அடியில் மணல் படிந்தது. மணலோடு பிடுங்கிய புல்லைத் தின்று குடலில் மணல் சேர்கிறது என்று தெரிந்ததும், புல்லை அலசிப் போடுங்கள் என்று வண்டிக்காரர்களிடம் சொல்லி வந்தார்.

காது கொடுத்துக் கேட்டவர் பழவேற்காடு ஷேக் தாவூத் ஒருவர்தான். நூரி என்கிற பெட்டைக் குதிரையை விட்டால் அவருக்கும் மனைவி ஜெய்னம்புவுக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

மழைக்காலத்துக்கு முன்பே நூரி வலியில் விழுந்தது. பூவராகவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது அது தன் விலாவையே கடிக்கப் பார்த்தது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். லத்தியைச் சோதித்தால் முன்பைவிட மணல் அதிகம். அலசிய புல்லில் மணல் எங்கிருந்து வரும்? அவருக்கு பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை உப்புத்தண்ணீர் ஏரிக்கரையில் விடை கிடைத்தது. ஜெய்னம்பு முட்டளவுத் தண்ணீரில் நின்று புல்கட்டை அலசிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் கலங்கிய மணல் புல்லில் அப்பிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் குடிக்கிற நல்ல தண்ணீருக்கே வெகுதூரம் நடக்க வேண்டும். புல்லுக்கு யார் அதைச் செலவழிப்பார்கள்? உப்பு ருசிக்கு நூரி ஒரு துரும்பையும் மிச்சம் வைக்காமல் தின்றிருக்கும். எந்தத் தண்ணீரில் அலச வேண்டும் என்று சொல்லப் பூவராகவனுக்குத் தோன்றவே இல்லை. படித்த படிப்பு எங்கே போயிருந்ததோ.

வீட்டு வாசலில் தாவூத் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். ராத்திரியெல்லாம் புரண்ட குதிரை விடிகாலையில் சட்டென்று அடங்கிவிட்டதாம். டாக்டருக்கு ராசியான கை என்றார். நூரி அசையாமல் நின்றது. உடம்பெல்லாம் வேர்வை, காது ஜில்லிட்டிருந்தது. ஈறு ஊதா நிறமாகியிருந்தது. நல்ல குதிரையின் வயிறு ஓயாமல் கடமுடவென்று பேசிக்கொண்டே இருக்கும். பூவராகவன் ஸ்டெதஸ்கோப்பை இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை.

"நாளைக்கு வண்டி கட்லாமா டாக்டர்?"

"வலி நின்னது நல்லதுக்கில்ல பாய். கொடல் வெடிச்சிட்ச்சு, அதான் அடங்கிட்ச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

நின்றுகொண்டிருக்கிற குதிரையைப் பார்த்து இப்படிச் சொல்கிறாரே என்று தாவூத் விழித்தார். நூரியின் பிடரியைத் தடவிக் கொடுத்தார்.

"வேளா வேளைக்கு அலசித்தான டாக்டர் போட்டோம். நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

பூவராகவனால் அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல பாய். நான் சொன்னதத்தான் செஞ்சீங்க."

அதற்குள் நூரியின் முன்னங்கால்கள் மடங்கத் தொடங்கியிருந்தன.