செருப்பைக் கழற்றாத ரேணுகா

மரக்காணம் உப்பளத்தில் சீசன் தொடங்கும் நாளன்று ஆட்கள் வரப்பின் மேலேயே நிற்பார்கள். உப்பு வார இவ்வளவு, சுமக்க இவ்வளவு என்று பேசி முடித்த பிறகுதான் பாத்தியில் இறங்குவார்கள். பேச்சு முடியுமுன் கால் நனைந்தால் பழைய கூலிக்கே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அந்த ஊர்க்காரி ரேணுகா, பொம்மையார்பாளையத்தில் தான் பிள்ளை பார்க்கும் வீட்டு வாசலில் அன்று காலை செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"உள்ள வாங்க ரேணுகாக்கா. ஒன்பதரைக்கு எனக்கு மீட்டிங்" என்றாள் ஜெயப்ரியா.

"சம்பளம் பேசிட்டு வர்றேன் மேடம்."

மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்தபோது ஒரே குழந்தை, ஒன்பதாயிரம். பிறகு சின்னவன் பிறந்தான். சமையல்காரி நின்றாள், அடுப்பும் ரேணுகாவிடம் வந்தது. போன மாதம் நாய் வந்தது. சம்பளம் மட்டும் நல்ல பிள்ளையாக, வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"பதினாறு குடுங்க. இல்லன்னா இன்னிக்கோட நின்னுக்கறேன்."

நின்றுவிட்டால் உப்பு சுமக்கத்தான் போக வேண்டும். அவள் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது.

"பதினாறா! உங்கள வேலைக்காரியாவா பாக்கறோம்? எங்க வீட்டு ஆளுக்கா நீங்க."

உண்மைதான். தீபாவளி குடும்ப ஃபோட்டோவுக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள், எடுத்துக் கொடுக்க.

"நாய்க்கு ட்ரெயினிங் குடுக்கற சுரேஷ் சாரு வாரத்துல ரெண்டு நாள்தான் வர்றாரு. அவருக்குப் பன்னெண்டு குடுக்கறீங்களே."

"அவரு சர்ட்டிபிகேட் வச்சிருக்காருக்கா."

"நான் பதினோரு வருஷமா புள்ளைங்கள வளக்கறேன் மேடம்."

"அதுக்கு என்னக்கா எக்ஸ்பீரியன்ஸ்? எல்லா அம்மாவும் செய்யறதுதானே."

உள்ளே ஹாலில் சின்னவன் அவளைக் கேட்டு அழுதுகொண்டிருந்தான். ரேணுகா நிலைக்கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்றது.

"பாத்தீங்களா, தானா அடங்கிட்டான்."

ரேணுகா காதைத் தீட்டினாள். அழுது ஓய்கிற குழந்தைக்கு விசும்பல் இருக்கும். இது பாதியில் அறுந்த சத்தம்.

செருப்போடு உள்ளே ஓடினாள். சோபாவுக்கு அருகில் சின்னவன் வாயைத் திறந்தபடி, சத்தமே வராமல், உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். மடியில் கவிழ்த்துத் தலையைத் தாழ்த்தி, உள்ளங்கையால் முதுகில் ஓங்கித் தட்டினாள். ஒன்று. இரண்டு.

"ஐயோ! தண்ணி குடுங்க, தண்ணி!"

"தண்ணி வேணாம் மேடம்! நகருங்க!"

மூன்று. நான்காவதில் ஒரு உருண்டை தெறித்து விழுந்தது. நாய் சொன்ன பேச்சுக் கேட்டால் கொடுக்கும் பிஸ்கட். சர்ட்டிபிகேட் வைத்திருந்தவர் தரையில் விட்டுப்போயிருந்தார்.

சின்னவன் தெருவுக்கே கேட்கும்படி வீறிட்டான். ரேணுகா அவனை அம்மாவின் கையில் கொடுத்தாள். அப்போதுதான் தன் கால்களைப் பார்த்தாள். வீட்டுக்குள் நின்றன. கால் நனைந்துவிட்டது.

உப்பளத்தில் யாரும் செய்யாததை அவள் செய்தாள். திரும்பி நடந்து, வாசலைத் தாண்டி, பழைய இடத்திலேயே போய் நின்றாள்.

"எங்க விட்டோம் மேடம்?"

மேஜைமேல் மீட்டிங் அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது. ஜெயப்ரியா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"பதினாறு" என்றாள். "உள்ள வாங்கக்கா."

ரேணுகா ஒரு செருப்பைக் கழற்றினாள்.

"நாய்க்குத் தனி மேடம்."

மற்றொன்று இன்னும் காலிலேயே இருந்தது.