அணைந்தால் ஆள் வந்திருக்கிறது

நூற்பாலை அவள் காதைப் பிடுங்கிக்கொண்டுதான் அவளை வெளியே விட்டது. மூட்டை தூக்கும் புருஷன் வேலை முடிந்து வந்து கதவை இடித்தால் தெருவே எட்டிப்பார்க்கும், அவள் மட்டும் திரும்ப மாட்டாள்.

புருஷனின் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன் வீட்டு மாடிக்கு வரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வந்து கையோடு கூட்டிப்போகிறாளாம். அங்கே போனால் பத்துப்பாத்திரம் யார் தலையில் விழும் என்று இவளுக்குத் தெரியும்.

போனில், அடியில் எழுத்து ஓடும் பாடங்களைப் பார்த்து, கணினிக்குக் கட்டளை எழுதும் சி மொழியைக் கற்றுக்கொண்டிருந்தாள். பழக வாங்கியது தீப்பெட்டி அளவு போர்டு, அதன் நடுவில் கறுப்பாக மைக்ரோகன்ட்ரோலர், எழுதி ஏற்றியதைச் செய்யும் குட்டிக் கணினி. விளக்கை மினுக்கப் பழகியாயிற்று. இப்போது வாசலில் பட்டனை அமுக்கினால் உள்ளே எரிய வேண்டும். பட்டன் கம்பியில் மின்சாரம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம்; ஒன்று வந்தால் எரி, பூஜ்யம் வந்தால் அணை என்று எழுதி ஏற்றினாள்.

யாரும் அமுக்காமலே எரிந்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் துடித்தது.

"பேய்க்குத்தான் முதல்ல கதவு திறப்ப போல," என்றான் புருஷன், உதடு தெரிய எதிரே நின்று.

பாடத்தில் காரணம் இருந்தது. அமுக்காத நேரத்தில் கம்பி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, போகிற வருகிறதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. பட்டனை மைனஸோடு சேர்த்து, அமுக்காத நேரத்தில் கம்பியைப் பிளஸ் பக்கம் இழுத்துப் பிடிக்க நிரலில் ஒரு வரி எழுதினால் அடங்கும். ஞாயிறு காலை அப்படியே செய்தாள். துடிப்பு நின்றது, ஆனால் விளக்கு அணையவே இல்லை. புருஷன் அக்காவைக் கூட்டிவரப் போய்விட்டான். இவள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

விளக்கு அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்தது.

சட்டென்று விளங்கியது. இப்போது அமுக்காவிட்டால் ஒன்று, அமுக்கினால் பூஜ்யம், எல்லாம் தலைகீழ். அடக்க முடியாத சிரிப்போடு கதவைத் திறந்தாள். பட்டனில் விரலை வைத்தபடி நின்றாள் அக்கா.

"தட்டவே இல்லையே. எப்படித் தெரிஞ்சுது?"

"விளக்கு அணைஞ்சுது, அண்ணி."

அக்கா நம்பவில்லை. வெளியே போய் அமுக்கினாள், தம்பியை அமுக்கச் சொல்லி உள்ளே நின்று பார்த்தாள், திரும்பவும் வெளியே போனாள். சாப்பிட்டு முடிக்கும்வரை மாடியைப் பற்றிப் பேச்சே இல்லை. கை கழுவிவிட்டு இவள் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"நீ இங்கயே இரு. எங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது. அவருக்கு ஒண்ணு செஞ்சு குடு."

நிரலில் ஒரே இடத்தைத் திருத்தினால் போதும், அமுக்கும்போது எரியும். அவள் திருத்தவில்லை. விளக்கு எரிகிறவரை போர்டு சரியாக ஓடுகிறது என்றும் தெரிகிறதே.