ஆசிட்டுக்குச் சமையல் சோடா

முதலாமாண்டுப் பிள்ளைகளிடம் பேச லிசி மேடம் டெல்பினின் பெயரைச் சொன்னதும் இர்பானாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பின்னே? இரண்டு வருடமாகக் கெமிஸ்ட்ரியில் முதல் மார்க் வாங்கியது யார்? இவள். மேலப்புதூர் மாதா கோயிலில் மைக் பிடித்து பைபிள் வாசகம் வாசிக்கிற குரல் என்பதற்காக அவளைக் கூப்பிடுவதா? கெமிஸ்ட்ரிக்குக் குரல் எதற்கு?

அந்தக் கல்லூரியில் அப்படி ஒரு வழக்கம். முதலாமாண்டுப் பிள்ளைகள் லேபுக்குள் நுழையும் முதல் நாளில், கடைசி வருட மாணவி ஒருத்தி அவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். எதைத் தொடலாம், எதை முகரக் கூடாது, உடம்பில் ஏதாவது பட்டால் என்ன செய்வது என்று எல்லாம். வாத்தியார் சொன்னால் கொட்டாவி விடுவார்கள், அக்கா சொன்னால் கேட்பார்கள் என்பது மேடத்தின் எண்ணம். பேசுகிறவள்தான் அந்த வருடம் முழுக்க ஜூனியர்களுக்கு எல்லாமே. இர்பானா முதல் வருடத்திலிருந்தே அந்த இடத்தில் கண் வைத்திருந்தாள். வீட்டில் அத்தாவிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

பேச்சுக்கு முந்தைய நாள் சாயங்காலம் இர்பானாவும் டெல்பினும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார்கள். டெல்பின் வழியெல்லாம் பேசிக் காட்டிக்கொண்டே வந்தாள். தப்பு இருந்தால் சொல்லிவிடு, நம்ம ரெண்டு பேரில் நீதான் கெட்டிக்காரி என்று வேறு சொன்னாள். அந்தத் தாராளம்தான் இர்பானாவுக்குத் தாங்கவில்லை. இடம் கையில் இருக்கிறவள் எப்படி வேண்டுமானாலும் பேசலாம்.

கண்ணாடி மாட்டுவது, துப்பட்டாவைப் பின் குத்துவது எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். கடைசியில் வந்தது ஒரு முத்து. கையில் ஆசிட் பட்டால் உடனே சமையல் சோடாவை அள்ளித் தேய்க்க வேண்டுமாம். ஆசிட்டைக் காரம் முறித்துவிடுமாம். கெமிஸ்ட்ரி படிக்கிறவளுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. முறியும்தான். முறியும்போது கிளம்புகிற சூடு யார் தோலில் இறங்கும்? முதலில் குழாய்த் தண்ணீர், நிறையத் தண்ணீர், அப்புறம்தான் மற்றதெல்லாம். இர்பானாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எப்படிடி இருக்கு?" என்றாள் டெல்பின்.

"நல்லாத்தான் இருக்கு. அப்படியே பேசு" என்றாள் இர்பானா.

நாளைக்கு மேடம் எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தித் திருத்துவார், நன்றாக மூக்குடைபடட்டும். இர்பானா போட்ட திட்டம் அவ்வளவுதான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் லேப் நிறையப் பிள்ளைகள். டெல்பின் வெள்ளைக் கோட்டில் நின்று பேசப் பேச, ஒரு சத்தம் இல்லை. நடுவில் சிரிக்கவும் வைத்தாள். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் இர்பானாவுக்குச் சுருக்கென்று குத்தியது. சிரிங்க, சிரிங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று பொறுத்துக்கொண்டாள். ஆனால் டெல்பின் ஆசிட்டுக்கு வரும்போது பார்த்து, ஆபீஸிலிருந்து ஆள் வந்து மேடத்தை வெளியே அழைத்துப்போய்விட்டார். சோடா விஷயத்தைத் திருத்த ஆளே இல்லை. பிள்ளைகள் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். மேடம் திரும்பி வரும்போது கைதட்டல்தான் கேட்டது. மேடமும் சேர்ந்து தட்டினார்.

இப்போதாவது எழுந்து சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நேற்றே ஏன் சொல்லவில்லை என்று டெல்பின் கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் இர்பானா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பிராக்டிகல் தொடங்கியது. ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற ரஞ்சனி என்ற பெண் சல்ஃப்யூரிக் ஆசிட் பாட்டிலை எடுத்தாள். யாரோ ஊற்றியதில் பாட்டிலின் வெளிப்பக்கம் வழிந்திருந்தது, அவள் கவனிக்கவில்லை. கை எரிகிறது என்று அலறினாள். பக்கத்தில் நின்றவள், அக்கா சொன்னபடியே, சோடா டப்பாவை எடுக்க ஓடினாள்.

இர்பானாவுக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து போய் டப்பாவைத் தட்டிவிட்டாள். ரஞ்சனியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கையை நீட்டிப் பிடித்தாள். பிடித்த பிடியை விடவேயில்லை. அந்தப் பெண் அழுதாள், இவளுக்கும் அழுகை வந்தது. நல்லவேளை, தோல் சிவந்ததோடு போயிற்று.

மேடம் விசாரித்தார். சோடா தேய்க்கச் சொன்னது யார் என்று தெரிந்ததும் முகம் மாறியது.

"பேசறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினியா, டெல்பின்?"

இர்பானா குழாயை மூடவில்லை. இன்னும் ரஞ்சனியின் கையைப் பிடித்தபடி நின்றாள். டெல்பின் திரும்பி அவளைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்ட பார்வை.

"இல்ல மேடம். யார்கிட்டயும் காட்டல. என் தப்புதான்."

மேடம் அவளை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தார். இர்பானா ஆசைப்பட்ட அதே திட்டு. பிறகு இவள் பக்கம் திரும்பி, வியாழக்கிழமை அடுத்த பேட்சுக்கு நீயே பேசிடும்மா என்றார். இர்பானா தலையை ஆட்டினாள். அந்த 'இல்ல மேடம்' தன் வாயில் ஒருநாளும் வந்திருக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்கும் டெல்பின்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.