கண்ணாடிக்குள் ஒரு மணி

அன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை, இயற்பியல் சார், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவளுடைய அம்மா, சைகை டீச்சர். மேசைமேல், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மின்சார மணி.

பெண்ணுக்குக் காது கேட்காது. அடுத்த வருடமும் இதே பள்ளியா, தொலைவில் இருக்கும் காது கேளாதோர் விடுதிப் பள்ளியா என்று அன்றைக்கே முடிவாக வேண்டும். இயற்பியல் சார் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துபவர். பிள்ளைகள் வைத்த பெயர் 'முதுகு'. அவள் உதடு பார்த்துப் புரிந்துகொள்பவள்; முதுகுக்கு ஏது உதடு? அவர் சொல்வதையெல்லாம் சைகை டீச்சர்தான் கைகளால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பரீட்சையில பாஸ் ஆகுறது இவளா, உங்க கையா டீச்சர்?" என்றார் சார்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. பாடம் புரியாமலே தன் முகத்தைப் பார்த்துத்தான் பெண் தலையாட்டுகிறாளோ என்ற சந்தேகம் அவளுக்கும் இருந்தது.

"கேட்டுப் பாருங்க சார்," என்றாள் அம்மா. "வீட்டுல இவ கையைக் கட்டிப்போட்டாத்தான் எங்களுக்கு நிம்மதி. அவ்வளவு வாயாடி."

சார் மணியை ஒலிக்கவிட்டு, பம்பால் கூண்டின் காற்றை உறிஞ்சினார். கணகணத்த மணி தேய்ந்து, கொசுவின் ரீங்காரமாகி, அடங்கியது. உள்ளே சுத்தியல் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

"சத்தம் முழுசா நின்னுபோச்சு. ஏன்?"

டீச்சர் அதை அப்படியே சைகையில் கேட்டாள். மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்த பெண், இல்லையென்று தலையாட்டினாள். டீச்சர் பதறிப்போய் மறுபடி கேட்டாள்.

'நீங்களும் தப்பு, சாரும் தப்பு. நிக்கல,' என்றன விரல்கள். டீச்சர் அதை வாய்விட்டுச் சொன்னாள். பிறகு ஒரு விரல் கூண்டின் அடித்தட்டிலிருந்து மேசைக்கால்வரை கோடு இழுத்தது.

சார் குனிந்து மேசையில் காதை ஒட்டினார். நெடுநேரம் நிமிரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். மரத்துக்குள் எங்கோ மணி அடித்துக்கொண்டிருந்தது.

"டீச்சர் கையையே மறுத்துப் பேசுறா," என்றார் தலைமையாசிரியை. "இவ இங்கதான் படிப்பா."

டீச்சர் பெண்ணையே பார்த்தாள். வருடம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தும் இவளைப் பார்க்கவில்லையே.

சார் பெண்ணின் எதிரே வந்து நின்றார். "அந்த மிச்ச சத்தத்தையும் நிறுத்தணும்னா என்ன செய்யலாம்?" வாய் தெரியும்படி, நிதானமாகக் கேட்டார்.

டீச்சரின் கைகள் பழக்கத்தில் எழுந்தன. பெண் அவற்றைப் பிடித்துக் கீழே இறக்கி, வாசல்வரை கூட்டிப்போனாள்.

'சார் உதடு தெரியுது. பதிலைப் பலகையில எழுதி நானே பேசிக்கிறேன். நீங்க வெளியே இருங்க.'

டீச்சர் தாழ்வாரத்தில் கால் வைத்தாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.