பூஜையில் வைத்த ஸ்குரூடிரைவர்

தாராவியில் பூதத்தான் அண்ணாச்சியின் முறுக்குக் கம்பெனிக்கு நகுல்தான் டெக்னாலஜி ஹெட். பெயர்தான் பெரிது. பிளக் உள்ள எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பிரிண்டர், லிஃப்ட், அண்ணாச்சி வீட்டு டிவி, ஒருமுறை அவருடைய சம்பந்தியின் மசாஜ் நாற்காலி. மேசைக்கு மேலே மீட்டிங் நடக்கும். மேசைக்குக் கீழே நகுல் வயரோடு இருப்பான்.

இப்போது காலம் மாறிவிட்டது. பாதிக்கு மேல் ஆர்டர் ஆப் வழியாகத்தான் வருகிறது. பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டர்காரர்களையே தலைமைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று அண்ணாச்சியும் செய்தியில் பார்த்துவிட்டார். முழங்கால் வலியால் ஓய்வெடுக்கப் போகிறவர், ஆயுத பூஜையன்று அடுத்த எம்.டி. யாரென்று சொல்வதாக அறிவித்தார். நகுல், இல்லையென்றால் சேல்ஸ் ஹெட் சுந்தரராமன். நகுலுக்கு அந்த நாற்காலி வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரொம்பவே வேண்டும்.

பூஜையன்று செம்பூர் வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவி ரஞ்சனா வாசலை மறித்தாள்.

“இன்னிக்கு எது நின்னாலும் எழுந்து போகப்படாது. ஒரு வயரையும் தொடப்படாது, கேட்டேளா? எம்.டி. ஆகப்போறவர் டேபிளுக்கு அடில தவழ்ந்தா யார் மதிப்பா?”

அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு ஹெட்டும் தன் தொழிலுக்கான ஆயுதத்தைப் பூஜையில் வைக்க வேண்டும். வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. அடுக்களை ஹெட் கோகிலவாணி முறுக்கு அச்சை வைத்தாள். சுந்தரராமன் தங்க மூடி போட்ட பேனாவை வைத்தான். நகுல் லேப்டாப்தான் கொண்டுபோயிருந்தான். ஆனால் கை, பழக்கதோஷத்தில், சட்டைப் பையிலிருந்த ஸ்குரூடிரைவரை எடுத்து வைத்துவிட்டது.

“எம்.டி.யா, மெக்கானிக்கா?” என்று சுந்தரராமன் சிரித்தான். நகுல் தலை குனிந்துகொண்டான். இதை வீட்டில் எப்படிச் சொல்வது?

கோகிலவாணிக்குப் பக்தி கொஞ்சம் தாராளம். அடுப்புக்கும் தராசுக்கும் பொட்டு வைத்தவள் ஆர்டர் வாங்கும் கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் விடுவாளா? காற்றுப் போகிற ஓட்டைகளில் எல்லாம் சந்தனத்தைக் குழைத்து அப்பினாள். தீபாராதனை முடிவதற்குள் பெட்டி மூச்சடைத்து நின்றது. கூடவே ஆப்பும் நின்றது.

“தசரா ஆஃபர் போட்டிருக்கேன்! ஆர்டர் எல்லாம் போச்சு! நகுல், ஓடு!” என்று சுந்தரராமன் அலறினான்.

நகுல் பாதி எழுந்துவிட்டான். ஆனால் பெட்டியைத் திறக்க வேண்டிய ஸ்குரூடிரைவர் அம்மன் காலடியில் குங்குமத்தோடு கிடந்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவனுக்கு உட்கார்ந்ததும் ஒரு யோசனை வந்தது.

“ஆஃபர்ல டெலிவரி எப்போ?”

“நாளைக்குக் காலைல. சுடச்சுட.”

“யார் சுடுவா? இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கலையே!”

எல்லோரும் கோகிலவாணியைப் பார்த்தார்கள்.

“எங்கிட்ட ஆரு கேட்டா? சட்டியெல்லாம் பொட்டு வச்சு உக்காந்திருக்கு. பொம்பளையளுக்கு லீவு குடுத்தாச்சு” என்றாள் அவள்.

“அப்போ பெட்டி நின்னதே நல்லதாப் போச்சு. புது ஆர்டர் நாளைக்கு எடுத்தாப் போதும். இதுவரை வந்தது உங்க ஃபோன்ல இருக்கே, சுந்தரராமன். ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, நாளைக்குச் சாயந்திரம் தரோம்னு நீங்களே சொல்லிடுங்கோ” என்றான் நகுல், உட்கார்ந்தபடியே.

அண்ணாச்சி முழங்காலைத் தடவிக்கொண்டு அவனையே பார்த்தார்.

“இத்தனை வருசமா எதையாவது சரி பண்ணிட்டு ஓடுவீரு. இன்னைக்குத்தான்வே ஒரு இடத்துல இருந்து யோசிச்சீரு. நாளையிலேருந்து என் நாற்காலி உமக்கு.”

சாயங்காலம் விஷயம் கேட்ட ரஞ்சனா பூரித்துப்போய்ப் பாயசம் வைத்தாள். இரண்டாவது கரண்டி ஊற்றும்போது மின்விசிறி முனகி நின்றது.

“என்னன்னு கொஞ்சம் பாருங்கோளேன்.”

“எழுந்து போகப்படாதுன்னு நீதானே சொன்னே? ஸ்குரூடிரைவர் வேற பூஜைல இருக்கு.”

“எம்.டி. ஆத்துல ஃபேன் சுத்தாதோ?”

நகுல் அண்ணாந்து விசிறியைப் பார்த்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. கண்டென்சர்தான் போயிருக்கும், மாற்ற ஐந்து நிமிஷம் ஆகாது. கை அரித்தது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இடது கையால் பாயசத்தைக் குடித்தான்.